காலியாக விடலாம்

நசீமா போய்விட்டார் என்று அவர் கணவர் கபூர் பாய் தொலைபேசியில் சொன்னபோது, நான் தரமணி அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். மக்கள் தரும் மனுக்களைச் செயற்கை நுண்ணறிவே படித்துப் பதில் எழுதிவிடும் என்று ஒரு கம்பெனிக்காரர் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். "காலைல டீ போட்டுக்கினு இருந்தா மேடம். நெஞ்ச அடைக்குதுன்னா. அவ்ளோதான்" என்றார் பாய். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது.

இந்த அஞ்சலியைப் படிப்பவர்களில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நசீமாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் துறை வாங்கும் ஒவ்வொரு மென்பொருளையும் சோதித்துக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. அதைப் படித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருவரும் ஒரே வருடம் பணியில் சேர்ந்தவர்கள். அலுவலகத்தில் என்னை மேடம் என்பார். மாலையில் பறக்கும் ரயில் ஏறியதும் அக்கா ஆகிவிடுவேன். மேடத்துக்குக் கிடைக்காத திட்டெல்லாம் அக்காவுக்குக் கிடைக்கும்.

நாங்கள் சேர்ந்த புதிதில் அரசின் பணம் கணினிகளாக வந்து இறங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அவற்றை வைத்த ஏசி அறைக்குள் போவோம். பிறகு எல்லோருக்கும் இணையதளம் வேண்டியிருந்தது. அப்புறம் எதற்கெடுத்தாலும் செயலி. இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற சொல் இல்லாத கோப்பு மேலே நகர்வதில்லை. "அஞ்சு வருஷத்துக்கு ஒரு புது வார்த்தை வருதுக்கா. கட்டம் மட்டும் அதே கட்டம்தான்" என்பார் நசீமா.

கட்டம் என்று அவர் சொன்னது விண்ணப்பத் திரையில் பெயர் நிரப்பும் இடத்தை. எந்தக் கம்பெனி வந்தாலும் முதலில் தன் பெயரை அடிக்கச் சொல்வார். ஷே. நசீமா. ஷே என்பது அவர் அத்தா, அதாவது அப்பா, ஷேக் தாவூதின் முதல் எழுத்து. 'முதல் பெயர்' கட்டத்தில் நசீமா ஏறிவிடும். 'கடைசிப் பெயர்' கட்டத்தில் எதையாவது போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். "எங்க அத்தா முன்னாடி நிக்கிறார் சார். பின்னாடி நிறுத்த எங்கிட்ட யாரும் இல்ல. இந்த ஊர்ல முக்காவாசிப் பேர்கிட்ட இல்ல" என்பார். ஒருமுறை வந்த கம்பெனிக்காரர், "ஒரு புள்ளி வெச்சிடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். நசீமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "புள்ளி யாரோட பேரு சார்?" என்று கேட்டார். நான்தான் சிரித்துத் தொலைத்தேன்.

அதனால் எல்லா டெண்டர் நிபந்தனைகளிலும் தன் கைப்பட ஒரு வரி சேர்ப்பார். 'கடைசிப் பெயர்: காலியாக விடலாம்.'

வாரிசுச் சான்றுக்கான தளம் வந்தபோது அந்த வரியை அடித்து நீக்கியவள் நான். இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. மார்ச் முடியப் பத்து நாள் இருந்தது. அதற்குள் தளம் திறக்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிவிடும். கட்டத்தை மாற்ற இரண்டு மாதம் வேண்டும் என்றது கம்பெனி. நான் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று ரயிலில் நசீமா வழக்கம்போல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். கோட்டூர்புரம் தாண்டி ஆறு வந்தது. அப்போது, "அடுத்த வருஷம் சரி பண்ணிடலாம்ல மேடம்?" என்றார். ரயிலில் என்னை அவர் மேடம் என்றது அந்த ஒரு நாள்தான். பண்ணிடலாம் என்றேன். அடுத்த வருடப் பணம் புதிய சொல்லுக்குப் போனது. பழைய தளத்தைத் திருத்த நான் கேட்கவும் இல்லை.

போன வாரம் நசீமாவின் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கக் கபூர் பாயோடு மயிலாப்பூரில் ஒரு சேவை மையத்துக்குப் போனேன். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவருக்குக் கணினி என்றால் கூச்சம். மையத்திலிருந்த பெண், இறந்தவர் பெயர் என்ற இடத்தில் நசீமா என்று அடித்தாள். அடுத்த கட்டம் சிவப்பாயிற்று.

"லாஸ்ட் நேம் இன்னா பாய்?"

"அவ பேரு அவ்ளோதாம்மா."

"அப்ப புள்ளி வெச்சிடறேன். எல்லாருக்கும் அதான் வெக்கிறோம்."

ரசீது வந்தது. நசீமா, பக்கத்தில் ஒரு புள்ளி. அத்தாவின் எழுத்து இல்லை. பாய் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளி இன்னாத்துக்கு மேடம்?" என்றார். நசீமா வீட்டில் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

"நான் வெச்சது பாய்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் தோளைத் தட்டி, அழாதீங்க என்றார்.

அந்த ரசீதின் நகல் என் கைப்பையில் இருக்கிறது. நசீமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும் அவருடைய அந்த ஒரு வரியும்தான். நான் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைத் திருத்தக் கேட்டு நேற்று நானே ஒரு கோப்பு தொடங்கினேன். அவருடைய வரியை முதல் நிபந்தனையாக எழுதினேன். தாளின் அடியில், சோதித்துக் குறிப்பு எழுதியவர் என்று ஓர் இடம் உண்டு. அதைக் காலியாக விட்டிருக்கிறேன்.