மாமாவின் மூன்று கடதாசிகள்

கனடாவில் நாலு குளிரைத் தாண்டியவுடன் என் மாமாவுக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது. தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் காட்டு வான்கோழி இறைச்சியை ஊட்டி அவரைக் கெடுத்துவிட்டார். மாமா லைசென்ஸ் எடுத்து, முன்பிடியை இழுத்துத் தள்ளிச் சுடுகிற பழைய பம்ப் துவக்கு ஒன்றையும் வாங்கினார். அதை ரெக்ஸ்டேலில் இருந்த எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தார். அம்மா மாமாவுக்கு அக்கா. சொன்னால் செய்கிற ஆள். அதனால் துவக்கு வெள்ளைக்காரரின் பண்ணையிலேயே கிடந்தது.

எனக்கு எட்டு வயது. சனிக்கிழமைகளில் அம்மா வேலைக்குப் போனால் மாமாதான் எனக்குக் காவல். ஒருநாள் அப்பிள் பிடுங்கப் போவதாகச் சொல்லி என்னைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். துவக்கின் சன்னங்கள் தூரம் போகப்போகக் கண்டபாட்டுக்குச் சிதறுகின்றன என்பது அவருடைய பெருங்கவலை. குழலின் வாயில் திருகிப் பூட்டுகிற 'சோக்' ஒன்றை வாங்கியிருந்தார். அது சிதறலை ஒடுக்குமாம். பெரிய கடதாசிகள் மூன்றை ஒவ்வொன்றாக வைக்கோல் கட்டொன்றில் குத்தி, மூன்று தூரங்களில் நின்று சுட்டுப் பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு காருக்குள் இருந்தேன். சுட்டு முடிந்தபோது வயலில் ஒரு காகம்கூட இல்லை. அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மாமா கெட்டிக்காரர்தான், எந்தக் கடதாசி எந்தத் தூரம் என்று எழுதத்தான் மறந்துவிட்டார். வீட்டில் மூன்றையும் கம்பளத்தில் விரித்துவைத்து நாங்கள் இருவரும் தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, நேரத்தோடு வேலை முடிந்து அம்மா வந்து நின்றார்.

மாமா எழும்பி, துவக்கு இங்கே இல்லை, உது வெறும் கடதாசிதான் என்று தடுமாறினார். அம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கோட்டைக் கழற்றாமலே முழந்தாளிட்டு, ஓட்டைகளின் மேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு கடதாசிகளை இழுத்து வரிசைப்படுத்தினார்.

"உது வேலியடியிலை நிண்டு சுட்டது," என்றார். "உது கிணத்தடியிலை."

கடைசிக் கடதாசியில் ஓட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரே கிழிசலாகியிருந்தன. அதில் அம்மாவின் கை நின்றது.

"உது வாசல்படியிலை."

மாமா சுவரில் மாலையோடு தொங்கிய பெரியமாமாவின் படத்தைப் பார்த்தார். ஊரில் அவர் செத்தபோது மாமா கனடாவுக்கு வந்துவிட்டிருந்தார். "ஒரு வெடிதான் எண்டெல்லோ அக்கா எனக்குச் சொன்னனீங்கள்," என்றார்.

எனக்கோ அம்மாவின் கெட்டித்தனத்தில் பெருமை தாங்கவில்லை. அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்டேன்.

"கதவுக்குப் பின்னாலை."

சுட்டவர்கள் உங்களைக் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்டேன். அம்மா இல்லையென்று தலையை ஆட்டினார்.

ஒளித்துப் பிடிக்கிற விளையாட்டில் அம்மா வென்றிருக்கிறார் என்று நான் கை தட்டினேன்.