டிவியில் வராத டெல்மர்

மெத்தைக் கடை ரோலண்ட் க்ராட்சர், தன் சொந்த அண்ணனின் விளம்பரம் டிவியில் வந்துவிடக் கூடாது என்று எங்கள் டிவி நிலையத்துக்கு வருஷா வருஷம் பணம் கட்டுகிறாராம். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஃபேயிடம் யாரோ சொல்ல, ஃபே என் மனைவியிடம் சொல்ல, அவள் ராத்திரிச் சாப்பாட்டில் எனக்குப் பரிமாறினாள். அந்த டிவி நிலையத்தில் விளம்பர நேரம் விற்பதே நான்தான். அப்படி ஒரு பணம் வந்திருந்தால் என் மேஜையைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. அதைச் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியாம மேலிடத்துல குடுத்திருப்பாராம். ஃபே அப்படித்தான் சொல்றா" என்றாள்.

வதந்தி எங்கே பிறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த அண்ணன் டெல்மர் க்ராட்சரின் கடையில், அடுப்பைச் சுற்றிப் போட்ட நாற்காலிகளில்.

டெல்மருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளில், எங்கள் ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அப்பா விட்டுப்போன துப்பாக்கிக் கடையை நடத்தினார். ஊரில் மான் வேட்டைக்குப் போகாத வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். எங்கள் வீடு அதில் ஒன்று. ஆனாலும் நான் வாரத்தில் பாதி நாள் அங்கே காப்பி குடிக்கப் போவேன். ஊரே போகும். யாரோ தூக்கிப் போட்ட நாற்காலிகள், கரி படிந்த கெட்டில், கல்லாவுக்கு மேலே ஒரு டிவி. ஆறு மணிச் செய்தி ஆரம்பித்ததும் டெல்மர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். வானிலைக்கு முன்னால் அவருடைய தம்பி வருவார்.

ரோலண்ட் அவரைவிட மூன்று வயது இளையவர். நெடுஞ்சாலை ஓரம் பெரிய மெத்தைக் கடை, சோஃபாக் கடை. விளம்பரத்தில் கோடு போட்ட பைஜாமாவோடு மெத்தையில் குதித்து, இரண்டு கையையும் விரித்து, "க்ராட்சர் கடைக் கதவு திறந்தேதான் இருக்கு, வந்து படுங்க" என்று கத்துவார். மாவட்டத்தில் குழந்தைகள்கூட அதைச் சொல்லிக்கொண்டு சோஃபாவில் குதிக்கும். பக்கத்து ஊர் உணவகத்தில் அவருக்கு ஆப்பிள் பை இலவசம். டெல்மர் அதே உணவகத்துக்குப் போனால், பரிமாறும் பெண் அவர் முகத்தையே உற்றுப் பார்த்து, "நீங்க மெத்தைக்காரருக்கு ஏதாவது சொந்தமா?" என்று கேட்பாளாம்.

"அண்ணன்னு சொன்னேன்" என்றார் டெல்மர். "'அப்படியா, அவரு நேர்லயும் அவ்வளவு ஜாலியா'ன்னு கேக்குறா. நான் தின்ன ஆப்பிள் பைக்குக் காசு வச்சுட்டு வந்தேன்."

நாற்காலிகள் சிரித்தன. டெல்மர் சிரிக்கவில்லை.

வருஷம் முழுக்க இந்தப் புகைச்சல் இருந்தாலும் ஒரே ஒரு நாள் அது அணையும். நவம்பர் கடைசியில் வரும் தேங்ஸ்கிவிங் பண்டிகை கழிந்த திங்கட்கிழமை அப்போதெல்லாம் மான் வேட்டைப் பருவம் தொடங்கும், பள்ளிக்கூடமே விடுமுறை. அதற்கு முந்தின ஞாயிறு மாலை அண்ணனும் தம்பியும் அப்பா கட்டிய மரக் குடிலுக்குப் போவார்கள். வேறு யாருக்கும் அழைப்பு கிடையாது. பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டை ஒரு ஜாடி, போலோனா தொத்திறைச்சி ஒரு வளையம். அப்பா செத்த பிறகு ஒரு வருஷம்கூட விடவில்லை. "அந்த ஒரு ராத்திரி இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் எப்பவோ வக்கீல் வச்சுப் பேசிக்கிட்டிருப்போம்" என்று டெல்மரே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் டெல்மர் நேராக எங்கள் நிலையத்துக்கே வந்துவிட்டார். சலவை செய்த சட்டை, வாரிய தலை. எங்கள் மேலாளர் ஜேனிஸின் எதிரே உட்கார்ந்தார். நான் பக்கத்தில்.

"எனக்கும் விளம்பரம் வேணும். ரோலண்டுக்கு முன்னாடி வர்ற இடம்."

"துப்பாக்கிக்குப் போட மாட்டோம் டெல்மர். உனக்கே தெரியும்."

"சட்டம் தடுக்குதா?"

"சட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல. தலைமை அலுவலகத்தோட முடிவு. நாங்க மட்டும் இல்ல, பெரிய சேனல் பல பேரு அப்படித்தான். இணையத்துலயும் பெரிய தளங்கள் வாங்குறது இல்ல."

"உன் சேனல்ல நேத்து ஒரு படம் பார்த்தேன். ஹீரோ ரெண்டு கையிலயும் வச்சுச் சுடுறான். இடைவேளையில மலச்சிக்கல் மருந்து. மறுபடி சுடுறான். மறுபடி மலச்சிக்கல். சுடுறதக் காட்டலாம், விக்கிறதத்தான் காட்டக் கூடாதா?"

ஜேனிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "சோப்புக்காரனும் டயப்பர்காரனும்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க டெல்மர். உன் பக்கத்துல நிக்க அவங்களுக்குக் கூச்சம். இன்னொண்ணு. ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துல சுட்டுட்டான்னு செய்தி ஓடுது. அது முடிஞ்ச உடனே நீ வந்து நின்னு 'தள்ளுபடி'ங்கிறே. யோசிச்சுப் பாரு."

என் மகள் அந்த வாரம் பள்ளியில், துப்பாக்கிக்காரன் நுழைந்தால் மேஜைக்கு அடியில் சத்தம் போடாமல் ஒளிந்துகொள்ளும் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"துப்பாக்கி செய்யுற கம்பெனிங்களே இங்க வர்றதில்ல" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "வேட்டைப் பத்திரிகை, வேட்டை சேனல், கண்காட்சின்னு போயிடுறாங்க. வாங்குறவன் அங்கதான இருக்கான். நீங்க வேணும்னா ரேடியோல..."

"ரேடியோல போட்டாச்சு டிவிக்காரரே. ரேடியோல மூஞ்சி தெரியாது."

அப்போதுதான் ஜேனிஸ் இறங்கி வந்தாள். கையுறை, பூட்ஸ், கம்பளிக் காலுறை, ஆரஞ்சு நிற மேல்சட்டை இதெல்லாம் டெல்மர் விற்கிறார் இல்லையா, அதற்கு விளம்பரம் போடலாம். ஒரே நிபந்தனை: துப்பாக்கி என்ற சொல் வரக் கூடாது, துப்பாக்கி கண்ணில் படக் கூடாது. தலைமை அலுவலகம் பார்த்துச் சரி என்றால் ஒளிபரப்பு. டெல்மர் எழுந்து எங்கள் இருவர் கையையும் குலுக்கினார். அவர் கை வேர்த்திருந்தது.

படம் எடுத்த நாளன்று கடையைத் தலைகீழாக்கினோம். சுவரில் வரிசையாக நின்ற துப்பாக்கிகளைப் போர்வையால் மூடினோம். பெயர்ப்பலகையில் குறுக்கே வரைந்திருந்த இரண்டு துப்பாக்கிகள் மேல் கிறிஸ்துமஸ் மாலை. டெல்மரின் வண்டியையே தெருக்கோடிக்குத் தள்ளிவிட்டோம், பின் கண்ணாடியில் ஒரு துப்பாக்கி தொங்கியதால். பிறகும் எனக்கு மனசு ஆறாமல் வாசலை மூன்று சுற்று சுற்றி வந்தேன். அப்படிப் பயப்படுவது என் சுபாவம்.

ரோலண்டும் வந்தார், அழைக்காமலே. டெல்மர் முகம் சுருங்கியது. ஆரஞ்சுச் சட்டையோடு விறைப்பாக நின்று "காலுறை... தரமான காலுறை..." என்று திணறிக்கொண்டிருந்த அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தார் ரோலண்ட்.

"ஏன்டா சாவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறே? கடைசியில ஏதாவது பண்ணு. திரும்பி, கதவை இழுத்துத் திறந்து, 'உள்ள வாங்க'ன்னு சொல்லு. சனங்களைக் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போற மாதிரி."

"உன்னை மாதிரிக் குதிக்கவா?"

"குதிக்க உன் முட்டி தாங்காது. கதவைத் திற, போதும்."

டெல்மர் மனசில்லாமல் செய்தார். நன்றாக வந்தது. திரும்பி, கதவைப் பிடித்து, இழுத்து, தோளுக்கு மேலாகப் பார்த்து, "உள்ள வாங்க, குளிருது" என்றார். அவர் அடிக்கடி சொல்வதுதான். கேமராக்காரன் சிரித்துவிட்டான். நான் அன்று மாலை பலமுறை போட்டுப் பார்த்தேன். ஜேனிஸ் பார்த்தாள். டெல்மர் தன் கடையில் நாற்காலிக்காரர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை. இப்போது உணவகப் பெண் கேட்டால் என்ன சொல்வது என்று டெல்மர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. கடைசிக் காட்சியில் அவர் கையில் துப்பாக்கி இருக்கிறது, ஏற்க முடியாது.

"கையிலயா?" என்றாள் ஜேனிஸ். "எங்க இருக்கு?"

மறுபடி போட்டோம். டெல்மர் திரும்பினார், கதவைப் பிடித்தார். அவர் பிடித்தது ஒரு பழைய துப்பாக்கி. முழு நீளத் துப்பாக்கி. அவர் அப்பா குழாயை அடைத்து, நட்டுப் போட்டுக் கதவுக்குக் கைப்பிடியாக மாட்டியது. அறுபது வருஷமாக ஊரே அதைப் பிடித்து இழுத்து, மரக்கட்டை வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வாரத்தில் பாதி நாள் நானும் அதைப் பிடித்துத்தான் உள்ளே போகிறேன். எங்கள் யார் கண்ணுக்கும் அது கைப்பிடி. தூர நகரத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்கு மட்டும் அது துப்பாக்கி.

டெல்மரிடம் போய்ச் சொன்னேன். வேறு கதவில் மறுபடி எடுக்கலாம் என்றும் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"கதவைத் திறன்னு சொன்னது யாரு?" என்றார்.

"டெல்மர், நாங்க யாருமே கவனிக்கல..."

"நீ கவனிச்சிருக்க மாட்டே. அவன் அந்தக் கதவைப் பிடிச்சு நடக்கப் பழகினவன்."

"நீங்களும்தான்" என்றேன். அதுவும் அவர் காதில் விழவில்லை.

தேங்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் ஊர்த் தீயணைப்புக் கூடத்தில் குலுக்கல். தன்னார்வத் தீயணைப்புக்காரர்களுக்கு வண்டி வாங்க இப்படித்தான் பணம் சேரும்: வறுத்த மாட்டிறைச்சி, பீர், பரிசாகத் துப்பாக்கிகள். எல்லாம் டெல்மர் கடைச் சரக்கு. ஒவ்வொரு சீட்டிலும் அவர் கடைப் பெயர். ரோலண்டும் வருஷா வருஷம் ஒரு சாய்வு நாற்காலி கொடுப்பார். அது கடைசிப் பரிசு. அந்த வருஷம் அதை ஜெயித்த மரம் வெட்டுகிறவர் எழுந்து, "யாராவது ஒரு பெட்டி தோட்டா குடுத்துட்டு இதை எடுத்துக்குறீங்களா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. ரோலண்டும் சிரித்தார், டிவியில் சிரிப்பதுபோலவே.

டெல்மர் எழுந்தது அப்போதுதான்.

"நாற்காலி மட்டும்தானா குடுத்தே? டிவிக்காரங்களுக்கு என்ன குடுத்தே, அதையும் சொல்லு."

"என்ன உளர்றே?"

"என் மூஞ்சி அதுல வந்துரக் கூடாது. அதானே? கதவைத் திறடா அண்ணா, கதவைத் திறடான்னு பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்து, வேலைய முடிச்சிட்டே. அப்பா மாட்டுன கைப்பிடிய வச்சே முடிச்சிட்டே."

யாரோ பீர்க் குழாயை மூடினார்கள். ரோலண்ட் முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

"கைப்பிடி..." என்றார். "அட, ஆமா. அது துப்பாக்கிதானே." அவர் உண்மையிலேயே அந்த நிமிஷம்தான் அதைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது. பிறகு முகம் மாறியது. "இங்க பாரு. இந்த வயசுல நான் பைஜாமா போட்டுக்கிட்டு தினமும் குதிக்கிறேன். எதுக்கு? ஒரு நாள் குதிக்கலேன்னா ஒருத்தன் வர மாட்டான். புது சோஃபா அத்தனை கிடக்கு, உட்கார ஆள் இல்ல. உன் கடையில ஓட்டை நாற்காலிக்கு அடிச்சுக்கிறானுங்க. உனக்கு விளம்பரம் எதுக்குடா? இதோ, ஊரே கையில உன் பேரை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அப்பா அந்தக் கடைய உனக்குக் குடுத்தாரு. எனக்கு ஏன் குடுக்கலன்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா?"

கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாய்வு நாற்காலி மேடையிலேயே கிடந்தது.

தேங்ஸ்கிவிங் கழிந்த ஞாயிறு மாலை டெல்மர் கடைக்குப் போனேன். அன்று நாற்காலிகள் காலி. எல்லோரும் அவரவர் வேட்டைக் குடிலுக்குப் போயிருந்தார்கள். கல்லா மேல் முட்டை ஜாடி, காகிதம் சுற்றிய போலோனா. கூடவே, மரம் வெட்டுகிறவருக்கு ஒரு பெட்டி தோட்டா கொடுத்து டெல்மர் வாங்கி வந்த சாய்வு நாற்காலி, அடுப்புக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையோடு.

"இந்நேரம் அவன் வண்டி வந்திருக்கணும்" என்றார்.

"வதந்தி பொய் டெல்மர். ஒரு காசு வந்ததில்ல. வந்தா என் மேஜை வழியாத்தான் வரணும்."

"தெரியும்." முட்டை ஜாடியைத் தள்ளி வைத்துவிட்டு, "பொறாமையில எது கேட்டாலும் நம்பத் தோணுது" என்றார். "அவனுக்கும் இருந்துருக்கு பாரு. எனக்குத் தெரியாமப் போச்சு."

"கூப்பிடுங்களேன்."

"எடுக்க மாட்டான்."

ஆனாலும் கல்லா ஓரத்துத் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். மணி போகும் சத்தம் எனக்கே கேட்டது. மேலே டிவியில் செய்தி முடிந்தது. கோடு போட்ட பைஜாமா மெத்தையில் ஏறிக் குதித்து, கையை விரித்து, கதவு திறந்தேதான் இருக்கு என்றது. டெல்மர் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நிமிர்ந்து அந்த முகத்தையே பார்த்தார். மணி போய்க்கொண்டே இருந்தது.