கொம்பு வளைந்த ஆடு

எங்கள் சூஸ் நகரத்தில் மத்தி மீன் என்ன விலை என்று தெரியாதவர்கள் இருக்கலாம். நாட்டின் அந்நியச் செலாவணி எத்தனை நாள் இறக்குமதிக்குத் தாங்கும் என்று தெரியாத ஆள் கிடையாது. தினமும் அறிவிப்பு வரும். ஹம்மாதியின் காப்பிக்கடையில் அதை உரக்கச் சொல்வது மொன்ஜி அண்ணனின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவராக எடுத்துக்கொண்டது.

சுங்கத்தில் காலமெல்லாம் பிறத்தியார் பெட்டியைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர். பழக்கம் போகுமா?

“தொண்ணூத்தி மூணு! நேத்தைவிட ஒண்ணு கம்மி. டேய், நீ திங்கிற வாழைப்பழம் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? உன் வாய்க்குள்ள போறது டாலருடா!”

“அண்ணே, உங்க காப்பியும் கப்பல்லதான் வந்துச்சு. வச்சிடவா, கொட்டிடவா?” என்பான் ஹம்மாதி.

“வை, வை. போட்டதை வீணாக்கக் கூடாது.”

சர்க்கரைக்கு நாங்கள் வரிசையில் நின்ற வருஷம் அது. பணம் வராமல் கோதுமைக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தன. மொன்ஜி அண்ணனின் கோபமெல்லாம் எங்கள் தெரு லுத்ஃபிமேல்தான். வெளிநாடு போகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வங்கியில் கொஞ்சம் யூரோ வாங்கிக்கொள்ளலாம். கொடுத்ததும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிடுவார்கள். எங்கும் போகாதவர்களின் பாஸ்போர்ட்டை லுத்ஃபி வாங்கிப் போவான். வங்கியில் ஆள் வைத்திருந்தான். அவர்கள் பங்கு யூரோவை எடுத்து, இஸ்தான்புல்லில் ஜீன்ஸ் வாங்கி வந்து விற்பான். பாஸ்போர்ட் கொடுத்தவர்களுக்குக் கையில் கொஞ்சம் தினார்.

“ஒழுகுற குழாய்டா நீங்கள்லாம்! நாடு எப்படிடா நிரம்பும்?” என்று அண்ணன் தெருவையே திட்டுவார். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. டாக்சி ஓட்டுகிறவனுக்கு எதற்கு? இருந்திருந்தால் நானும் கொடுத்திருப்பேன். அவர் திட்டும்போது தலையை மட்டும் பலமாக ஆட்டுவேன்.

அந்த வருஷம் தியாகப் பெருநாளுக்கு ஆட்டு விலை ஆகாசத்துக்குப் போய்விட்டது. எங்கள் தெருவில் பெருநாள் நேரத்தில் வாசலில் ஆடு கத்தாவிட்டால் அந்த வீட்டு ஆண்பிள்ளை தலைகாட்ட முடியாது. பாதிப் பேர் கடன் வாங்கினோம். மொன்ஜி அண்ணனோ கொம்பு இரண்டு சுற்று வளைந்த கிடாயைக் கயிற்றில் பிடித்து, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அவர் மனைவி ஷெத்லியா அக்கா அதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, கடலுக்கு அந்தப் பக்கம் பலேர்மோவில் இருக்கும் மகள் ரௌதாவுக்குப் படம் அனுப்பினாள். ஓய்வூதியக்காரருக்கு ஏது இவ்வளவு பணம் என்று யாரும் கேட்கவில்லை. நாட்டின் கணக்கையே சரிபார்க்கிறவரிடம் யார் கேட்பது?

ரௌதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதாக இருந்தது. செப்டம்பரில் அங்கே டாக்டர் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். “நீதாம்மா வரணும், எனக்குப் பயமா இருக்கு” என்று பெண் அழுதாள். ஷெத்லியா அக்கா அன்றே எள்ளையும் பாதாமையும் வறுத்துவிட்டாள். தேன் சேர்த்துக் கிளறும் பிரசவ இனிப்பைத் தாய் கையால் கொடுக்க வேண்டும், அது எங்கள் வழக்கம்.

விசாவுக்கு வங்கியின் யூரோ ரசீது வேண்டும். என் டாக்சியில்தான் போனோம். மொன்ஜி அண்ணன் பின்சீட்டில் நெளிந்துகொண்டே வந்தார்.

“இன்னைக்குக் கூட்டமா இருக்கும், நாளைக்குப் போலாமே.”

“உங்க பேரப்பிள்ளை நாளைக்கு வரேன்னு காத்திருக்குமா? பேசாம வாங்க” என்றாள் அக்கா.

வங்கிப் பெண் அக்காவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். “அம்மா, இந்த வருஷத்துக்கு நீங்க வாங்கிட்டீங்களே. முத்திரை இருக்கு.”

“நானா? இந்த ஊர் எல்லையையே நான் தாண்டினதில்ல!” அக்காவின் குரல் வங்கி முழுக்கக் கேட்டது. “திருட்டு! என் பேர்ல எவனோ திருடியிருக்கான்! போலீசைக் கூப்பிடுங்க! ஏங்க, நீங்க சுங்கத்துல இருந்தவர்தானே, கேளுங்க!”

வரிசையில் நின்றவர்களும் அவளுக்காகக் கத்தினார்கள். நானும் மேசையைத் தட்டினேன். மொன்ஜி அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கத்தாத ஷெத்லியா. நான்தான் குடுத்தேன்.”

“யாருக்கு?”

“லுத்ஃபிக்கு.”

“எதுக்கு?”

அவர் வங்கிப் பெண்ணிடமிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி மூடினார். அவள் மறுபடி கேட்டாள்.

“ஆட்டுக்கு.”

வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். அட ஆண்டவா, எனக்கே அந்தத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. மேசையைத் தட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“வேற வழியே இல்லையாம்மா?” என்று அக்கா தணிந்து கேட்டாள்.

“ஜனவரி ஒண்ணுதான் அடுத்தது” என்றாள் அந்தப் பெண். பாவம், அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

திரும்பும்போது அக்கா முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில், பின்னால் திரும்பாமலே கேட்டாள்.

“உங்க பாஸ்போர்ட் ஒண்ணு பத்தலையா? என்னுதையும் ஏன் குடுத்தீங்க?”

“கொம்பு வளைஞ்ச ஆடு…” என்றார் அவர். “விலை கூட.”

அக்டோபரில் ரௌதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த ஊர் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு பெற்றாளாம். வாழ்த்துச் சொல்லத் தெருவே மொன்ஜி அண்ணன் வீட்டில் கூடியது. மூலையில் அவர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். காப்பிக்கடைக்கு வந்து வாரக்கணக்காகியிருந்தது. பலேர்மோவுக்கென்று கிளறிய இனிப்பை அக்கா எங்களுக்குக் கிண்ணங்களில் கொடுத்தாள். ஹம்மாதி சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷம், வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

“அண்ணே, இன்னைக்கு எத்தனை நாள்?”



“என்கிட்ட கேளு தம்பி” என்றாள் ஷெத்லியா அக்கா, தட்டைக் கையில் பிடித்தபடி. “ஜனவரி ஒண்ணுக்கு இன்னும் எழுபத்தஞ்சு நாள்.”

மொன்ஜி அண்ணன் இனிப்பைத் தொடாமல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவள் குனிந்து அதை எடுத்து, திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

“சாப்பிடுங்க. போட்டதை வீணாக்கக் கூடாது.”