கிருத்திகை அன்று திறக்காத வீடு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் மகளின் மாற்றுச் சட்டையை மடித்துப் பையில் வைத்தேன். அவளை வனஜாம்மா வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவதுதான் ஆசிரியையான எனக்கு வழக்கம். தெருமுனை திரும்பும்போதே தேவகி எதிரே வந்தாள். விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்பவள். இடுப்பில் அவள் கைக்குழந்தை.

"போவாதீங்க டீச்சர். வனஜாம்மா செத்துட்டாங்க."

"யார் சொன்னது?" என்று கேட்டேன், ஏதோ வதந்தியை விசாரிப்பதுபோல.

"இன்னா டீச்சர், பாத்துட்டுதான் வர்றேன். கிணத்தாண்ட தண்ணி சேந்திகினு இருந்தாங்களாம். அப்படியே சாஞ்சிட்டாங்க."

நேற்று மாலைதான் என் மகள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். "இப்படித்தான் வேணுமாம் உங்க பொண்ணுக்கு. நீங்க கேட்டுப் பாருங்க, டீச்சர் பேச்சையாவது கேக்குதான்னு" என்று வனஜாம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகாத நிலையில்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் தூங்கும் பாயில் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வனஜாம்மா திருவாலங்காட்டில் பிறந்து திருத்தணிக்கு வாழ வந்தவர். கணவரை இளவயதிலேயே இழந்தார். சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போன பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்; பிறகு அதுவே பிழைப்பானது. தறிக்காரர் பிள்ளைகள், தாலுகா ஆபீஸ் பிள்ளைகள், என்னைப் போன்றவர்களின் பிள்ளைகள் எல்லோரும் அங்கே வளர்ந்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பதால் பிள்ளைகளுக்கு அவர் 'பெத்தம்மா', அதாவது பெரியம்மா.

பிள்ளைகளிடம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெற்றோர்களிடம்தான் உயரும். காய்ச்சலோடு கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துவார். "இதுக்கு இன்னிக்கு நான் வேணாம். நீங்கதான் வேணும். லீவு போடுங்க." என் மகள் இளைத்துவிட்டாள், இன்னும் இரண்டு வாய் ஊட்டுங்கள் என்று நான் சொன்னபோது, "ஊட்டறது என் வேல டீச்சர். பசி அவளோடது" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மாதக் கிருத்திகை அன்று அந்த வீடு திறக்காது. வனஜாம்மா காலையிலேயே மலையேறிவிடுவார். ஆபீஸ் உண்டே, சாமியைச் சாயங்காலம் கும்பிடக்கூடாதா என்று கேட்காத பெற்றோர் இல்லை. "ஆங், கும்பிடலாம். சாயங்காலமும் கும்பிடுவேன்" என்பார்.

ஒரு கிருத்திகை அன்று, அரக்கோணத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர், பூட்டிய கதவருகே தன் மகனை உட்காரவைத்து, "பெத்தம்மா இப்ப வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டார். குழந்தையைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்பது அவர் கணக்கு. மலையிலிருந்து இறங்கிவந்த வனஜாம்மா பார்த்தது அழுது ஓய்ந்த குழந்தையை. கதவைத் திறக்கவில்லை. நெற்றி விபூதியோடு பையனைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரயில் ஏறினார். நேராக அந்த அலுவலகத்துக்குள் போய், குமாஸ்தாவின் மேஜைமேல் பையனை உட்காரவைத்தார்.

"சார், புள்ளய மறந்துட்டு வந்துட்டீங்க."

"மறக்கலைம்மா, விட்டுட்டு வந்தேன். ஒரு நாள் பாத்துகினா இன்னா?"

"மாசத்துல ஒரு நாள் நான் யாருக்கும் பெத்தம்மா இல்ல சார். முருகனுக்கு வனஜா. அவ்ளோதான்."

மறுநாள் அந்தத் தந்தை தெருவிலேயே நின்றுகொண்டு மகனை மட்டும் அனுப்பினாராம். "வாடா என் ராஜா, சண்ட உங்கப்பாகூடதான்" என்று பையனைத் தூக்கிக்கொண்டதை வனஜாம்மா எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அதிகாரியின் மனைவி வெள்ளி டம்ளர் கொண்டுவந்தார். தன் மகனுக்கு மட்டும் அதில் தண்ணீர் தர வேண்டும், தறிக்காரப் பிள்ளைகள் தொடக்கூடாது என்றார். வனஜாம்மா டம்ளரைத் திருப்பித் தந்தார். "இங்க எல்லாருக்கும் ஒரே கொடம்தாம்மா. புடிக்கலன்னா ஊட்லயே வெச்சி வளத்துக்கோங்க." வேறு வழியில்லாமல் அந்த அம்மாள் மகனை விட்டுப் போனார். அதன் பிறகு மகளையும் விட்டார்.

இன்று காலை சாவு வீட்டுக்கு அந்த அம்மாளும் வந்திருந்தார். நாங்கள் எல்லோருமே இடுப்பிலும் கையிலும் பிள்ளைகளோடு, வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தோம். உடலுக்குப் பூமாலை வருவதற்குள் அந்த அம்மாள் என்னருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "நாளையிலேருந்து எங்க வீட்லயே ஒரு ஆயா வெக்கிறேன் டீச்சர். நம்ம ஆபீஸ் பிள்ளைங்களுக்கு மட்டும். உங்க பொண்ணயும் சேத்துக்கிறேன்."

வனஜாம்மா எழுந்து பதில் சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

என்னோடு திரும்பி வந்து பக்கத்தில் நின்ற தேவகிக்கும் அது கேட்டிருந்தது. "நீ என்ன செய்வே?" என்றேன்.

"கொட்டாய்க்குத்தான் தூக்கினு போவணும். பெல்ட்டு ஓடற எடம். இவன் இப்பதான் தவழ ஆரம்பிச்சிக்கிறான். கால்ல கயிறு கட்டி மூலைல போட்டாத்தான் உண்டு." அழாமல்தான் சொன்னாள்.

மதியம் வனஜாம்மாவைத் தூக்கினார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாடை தெருமுனை திரும்பும்போது என் மகள் கையசைத்து, "பெத்தம்மா, நாளைக்கு வரேன்" என்றாள். போய் வாருங்கள் அம்மா. எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் ஊட்டியதெல்லாம் அவர்கள் உடம்பில் இருக்கிறது.

நாளை சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். எங்கள் வீட்டு முன்னறையைக் காலி செய்யப் போகிறேன். அங்கே முதலில் வரப்போகிறவன் தேவகியின் மகன். என் கணவரிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை.