கியர்பாக்ஸ் இறக்கிய ஞாயிற்றுக்கிழமை

கல்யாணமாகி குடியாத்தத்திலிருந்து நான் பெங்களூருக்கு வந்தது தொண்ணூற்றாறில். ஆடுகோடியில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். முன்பகுதியில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். கன்னடக்காரர், அதிகம் பேசமாட்டார். என் கணவர் பெங்களூரிலேயே பிறந்தவர், ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். காலையில் என்ன சமையல், சாயங்காலம் எப்போது வருவார், இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளராத மாதங்கள் அவை. சண்டை ஒன்றுமில்லை. எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய ஆசையெல்லாம் ஒரு பழைய ஜீப்பின் மேல். ராணுவ ஏலத்தில் வந்து கைமாறிக் கைமாறி அவரிடம் சேர்ந்த வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும், எந்தச் சேற்றிலும் ஏறி வரும் என்பார். விவேக் நகருக்குக் காய்கறி வாங்கப் போக அது எதற்கு என்று நான் கேட்டதில்லை.

ஆனால் ஜீப்புக்கு வயதாகிவிட்டிருந்தது. இரண்டாவது கியர் போட்டால் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். ஒரு கையால் கியர் ராடைப் பிடித்தபடியே ஓட்டுவார். பிறகு கிளட்சும் போயிற்று. ஒரு நாள் மேட்டில் இன்ஜின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. பின்னால் லாரி ஹாரன் அடிக்க, நான் இறங்கித் தள்ளினேன். ஒர்க் ஷாப்பில் விட்டால் எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, வீட்டிலேயே மாற்றிவிடுகிறேன் என்றார். சிவாஜி நகரில் பழைய உதிரிபாகம் விற்கும் குஜிரிக் கடைகளில் அலைந்து நல்ல நிலையில் ஒரு பழைய கியர்பாக்ஸ் பிடித்து, ஆட்டோவில் கொண்டுவந்தார். அது இருந்த பக்கமாகவே ஆட்டோ சாய்ந்து வந்தது. கிளட்ச் பிளேட் மட்டும் புதிது.

ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு வருவதாகச் சொன்ன இரண்டு நண்பர்களும் வரவில்லை. அன்று கிரிக்கெட் மேட்ச். அதற்குள் இவர் ஜீப்பை மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தி, உள்ளே கால் வைக்கும் தரைத் தகட்டைக் கழற்றி, அடியிலிருந்த போல்ட்டுகளையும் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டிருந்தார். கியர்பாக்ஸை மேலேயிருந்து ஒருவர் கயிற்றால் பிடிக்க வேண்டும், கீழே படுத்து ஒருவர் தள்ள வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்ய முடியாமல் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பாத்திரம் கழுவி முடித்து வந்து, அடியில் நான் படுக்கிறேன் என்றேன்.

"பொடவையோட முடியாது," என்றார்.

அவருடைய பழைய பேன்ட்டையும் காக்கிச் சட்டையையும் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேன்ட். துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு உள்ளே போனார். முற்றத்தில் எண்ணெய் சிந்தியதற்குத் திட்டத்தான் திரும்பி வருகிறார் என்று பயந்தேன். ஆனால் அவர் ஒரு பழைய பஞ்சு மெத்தையை இழுத்துவந்து ஜீப்புக்கு அடியில் தள்ளினார். வெறும் கல்லில் படுத்தால் முதுகு என்னாகும் என்று, தன் முதுகைத் தொட்டுக் காட்டிக் கன்னடத்தில் கடிந்துகொண்டார். என் கணவரைத்தான், என்னை இல்லை.

சீட்டுகளின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துக் கயிறு கட்டி, அவர் மேலே பிடித்துக்கொள்ள, நான் கீழே கடைசி போல்ட்டை எடுத்துப் பின்பக்கமாக இழுத்தேன். கியர் ஆயில் என் கழுத்தில் ஒழுகியது. பிறகு மொத்தக் கனமும் மெல்ல இறங்கி என் பக்கத்தில் மெத்தையில் அமர்ந்தது. பழைய கிளட்ச் பிளேட் தேய்ந்து, ரிவெட் தெரிந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதை அவரே மாட்டினார்.

இறக்கியது சுலபம், ஏற்றியதுதான் பாடு. எவ்வளவு தள்ளினாலும் வாங்கிவந்த கியர்பாக்ஸின் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடு ஓட்டைக்குள் போகவில்லை. கை ஓய்ந்து படுத்துக் கிடந்தேன். தரைத் தகட்டைக் கழற்றிய ஓட்டை வழியாக அவர் முகம் மட்டும் தெரிந்தது.

"ஒனக்குப் பயமாக்கீதா?" என்று கேட்டார்.

"இல்ல."

குனிந்து பார்த்தபடியே, "ஊர்ல ஞாயித்துக்கெழம இன்னா பண்ணுவ?" என்றார்.

அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் வரை சைக்கிள் மிதிப்பேன் என்றேன். காலேஜுக்கும் சைக்கிள்தான் என்றேன்.

"சைக்கிள் ஓட்டுவியா? சொல்லவேயில்ல."

"நீங்க கேக்கல."

அவர் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஜீப் ஓட்டக் கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார். கற்றுக்கொடுத்தால் ஓட்டுகிறேன் என்றேன். பிறகு அக்காவைப் பற்றி, அவருடைய சின்ன வயதிலேயே இறந்துபோன அவர் அப்பாவைப் பற்றி, எனக்குக் கன்னடம் வராததால் கடைக்குப் போகக் கூச்சப்படுவதைப் பற்றியெல்லாம் அந்த ஓட்டை வழியாகவே பேசினோம். முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தால் பேசியிருப்போமா, தெரியாது.

டார்ச்சை அடித்து ஒருமுறை உள்ளே பார்த்தேன். பிளேட்டின் நடு ஓட்டையும் அதன் பின்னால் இன்ஜினில் இருந்த சின்ன ஓட்டையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். நடுவில் எதையாவது செருகி நேராக்கிவிட்டுத்தான் முடுக்கியிருக்க வேண்டுமாம். ஓடிப்போய்ப் பூரிக்கட்டையை எடுத்துவந்தேன். அதன் கூரான கைப்பிடியில் துணி சுற்றிச் செருகி, நான் அசையாமல் பிடித்துக்கொள்ள, அவர் கிளட்ச் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முடுக்கினார். அடுத்த தடவை கியர்பாக்ஸைத் தூக்கி, ஷாஃப்டை மெல்லத் திருப்பித் தள்ளியதும் சத்தமில்லாமல் உள்ளே வழுக்கிப் போய் உட்கார்ந்தது.

"ஆய்த்து," என்றார் மேலேயிருந்து. முடிந்தது என்பதற்குக் கன்னட வார்த்தை. எனக்கு அது புரிந்தது.

வெயில் தாழ்ந்தபோது வண்டி நகர்ந்தது. நான் கரிக் கையோடு முன் சீட்டில் ஏறினேன். கேட்டைத் தாண்டுமுன் வீட்டுக்கார அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வந்து, கோரமங்கலாவில் ஒரு கோயிலுக்குப் போய் நாளாயிற்று என்றார். கையைப் பிடித்துப் பின்னால் ஏற்றினோம். வழியெல்லாம் கடைக்காரர்களிடம் பேச வேண்டிய கன்னடத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் திருப்பிச் சொல்லச் சொல்ல, என் கணவர் ரோட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டு ஓட்டினார்.

அந்த ஜீப்பிலேயே நான் ஓட்டப் பழகினேன். பொம்மனஹள்ளிக்குக் குடிபோனபோது சந்து குறுகல், நிறுத்த இடமில்லாமல் விற்றுவிட்டோம். அந்த ஓட்டை வழியாகத் தெரிந்த இளம் முகத்தை இப்போதும் சில சமயம் நினைத்துக்கொள்வேன்: மூக்கில் கிரீஸ், முடியெல்லாம் தூசி, நான் அடுத்து என்ன சொல்வேன் என்று கேட்டுக்கொண்டிருக்கும் கண்கள்.