பத்தடி ரோடு

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் சாலை எல்லாருக்கும் பொதுதான். ஆனால் அவரவர் கேட்டுக்கு முன்னால் இருக்கும் பத்தடி மட்டும் அவரவர் சொத்து. எதிர்வீட்டு அங்கிள் காரை எடுத்துக்கொண்டு வெளியே போனால், வேறு யாரும் அங்கே நிறுத்திவிடாதபடி ஒரு பூச்சட்டியை வைத்துவிட்டுத்தான் போவார். சட்டியில் மண் உண்டு, செடி இருந்ததே இல்லை.

"ரோடு என்னா அவன் அப்பன் வீட்டு சொத்தா?" என்று அப்பா தினமும் பொருமுவார். சட்டியை முன்னிட்டு அங்கிளோடு பேச்சுவார்த்தையும் நின்று வருஷக்கணக்காகிவிட்டது.

போன மாதம் முட்டி அறுவை சிகிச்சை முடிந்து அப்பாவைக் காரில் கூட்டிவந்தேன். பக்கத்து வீட்டில் கல்யாண விருந்து, தெரு முழுக்கக் கார்கள். எங்கே நிறுத்துவது என்று தவித்தபடி வளைவில் திரும்பினேன். எங்கள் கேட்டு வாசல் மட்டும் காலியாக இருந்தது. நடுவில் அந்தப் பூச்சட்டி.

அங்கிள் ஓடிவந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "மெதுவா எறங்குங்க அண்ணே."

அப்பா இறங்கி, சட்டியை முறைத்துப் பார்த்தார்.

"எத்தன வருஷமா சும்மா வெச்சிருக்க? நம்ம வீட்டுல செம்பருத்தி இருக்கு, வந்து ஒடிச்சிக்கிட்டுப் போ லா."