சாமந்தி மாலை போட்ட கதவு

பஸ்ஸில் கக்கூஸ் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவள் எங்கள் தெருவில் என் சித்தி ஒருத்திதான். திருவண்ணாமலைக் கடைத்தெருவில் அதை வாங்கி, கோணியில் சுற்றி, கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறினாள். கூடப் போன எனக்கு அப்போது பத்து வயது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

"மடியிலதானே வெச்சிருக்கேன்? கைக்கொழந்தைக்கு டிக்கெட் போடுவீங்களா?" என்றாள் சித்தி.

பஸ்ஸே சிரித்தது. ஒரு திருப்பத்தில் கோணி நழுவி வெள்ளைப் பீங்கான் வெளியே தெரிந்தபோது, முன்சீட்டில் இருந்த என் வகுப்புப் பெண் சரியாகத் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் பிரேயர் முடிவதற்குள் பள்ளிக்கூடம் முழுவதற்கும் நான் 'கக்கூஸ் வீட்டுப் பொண்ணு' ஆகிவிட்டேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பெரிய கோயிலில் கிளம்பி மலையைச் சுற்றுகிறவர்கள் எங்கள் ஊரை எட்டும்போது பாதிச் சுற்று முடிந்து கால் ஓய்ந்திருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சுற்றுகிறவர்களே குறைவு. மானாவாரி நிலக்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, நம்பிப் பிழைக்க முடியாமல் தெருவில் பாதிப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். பூட்டிய வீடுகளின் வாசலில் ஆடு படுத்திருக்கும். தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் பெருகத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கடை போட்டார்கள். டீ, சுக்கு காபி, இளநீர், மோர், வேர்க்கடலை. பெரியப்பா முறையாகும் ஒருவர் பெங்களூரை விட்டுவிட்டு வந்து எங்கள் வீட்டுக்கு எதிரில் டீக்கடை வைத்தார். சித்திக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை அரித்தது. சித்தப்பா லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவள் வேலூரில் பிறந்து வளர்ந்தவள், எதையும் சட்டென்று சொல்லிவிடுவாள். தன் வளையல் இரண்டையும் அடகு வைத்துப் பெண்களுக்குக் கட்டணக் கழிப்பறை கட்டப்போவதாக ஒரு காலையில் அறிவித்தாள்.

எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சுவர், இரண்டு வாசல். சித்தி என் அப்பாவிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள். புருஷனின் அண்ணன் என்ற மரியாதை. அப்பாவும் தம்பி மனைவியிடம் நேராகப் பேசமாட்டார். இருவரும் அம்மாவைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அதுவும் தெரு முழுக்கக் கேட்கும்படி.

"அவகிட்ட சொல்லி வை. சாமி சுத்தற பாதையில கக்கூஸ் கட்டுனா வெளங்குமா? நம்ம வூட்டுப் பொம்பள கண்டவங்க கக்கூஸ கழுவுறான்னு ஊரு சிரிக்காது?"

"ரோட்டுல அத்தினி பேரும் வயித்துக்குள்ள போறதுக்குத்தான் கட போட்டிருக்காங்க அக்கா. வெளிய போறதுக்கு எவன் வழி பண்ணியிருக்கான்? எங்கம்மா வூட்ல நான்தான் கழுவுனேன். கை ஒண்ணும் அழுவிப் போயிடல."

நடுவில் உட்கார்ந்த அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. இப்படி மூன்று மாதம் போயிற்று.

கொத்தனார் வந்த பிறகு வேறொரு தகராறு. எங்கள் ஊரில் மலைதான் சாமி. மலையைப் பார்த்து உட்காருவது மரியாதைக் குறைவு என்றார் கொத்தனார். சரி, திருப்பி வை என்றாள் சித்தி. மலைக்கு முதுகைக் காட்டுவது அதைவிட மோசம் என்றார் எதிர்க்கடைப் பெரியப்பா, டீ ஆற்றியபடியே. கடைசியில் நூல் பிடித்துப் பார்த்து, மலைக்குப் பக்கவாட்டில் அந்தக் கோப்பையையும் பின்னால் வாங்கிவந்த இன்னொன்றையும் பதித்தார்கள். இரண்டு கழிப்பறை, ஒரு குளியலறை, வெளியே ஒரு சிமெண்ட் தொட்டி. வீட்டை ஒட்டிய வேலிக்குள் இவை எல்லாம் இருக்க, ரோட்டைப் பார்த்து ஒரே கதவு. மிஞ்சிய பெயிண்ட் என்று யாரோ கொடுத்ததால் கதவு பச்சையாயிற்று. 'பெண்கள் கழிப்பறை. குளிக்கவும் வசதி உண்டு' என்று தகரப் பலகை எழுதிவந்து ஆணியில் மாட்டினாள் சித்தி. எழுத்து ஒவ்வொன்றும் என் கையளவு இருந்தது.

முதல் பௌர்ணமி வந்தது. அன்று என் வகுப்புப் பெண்கள் நாலு பேர் குடும்பத்தோடு மலை சுற்ற வருகிறார்கள் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். எப்படியும் இந்த வழியாகத்தான் வருவார்கள். நாலு மணிக்குத் தொட்டியில் நீர் நிரப்பிவிட்டு, வருகிறவர்களை வியர்வையோடு வரவேற்கக்கூடாது என்று சித்தி வீட்டுப் பின்னால் தலைக்குக் குளிக்கப் போனாள். அப்பா வேண்டுமென்றே நிலத்துக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். எனக்குக் கிடைத்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

பலகையைக் கழற்றி வைக்கோலுக்குள் செருகினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் கதவைப் பார்த்தாலும் அந்தப் பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது. சாமி மாடத்திலிருந்து விபூதியைக் குழைத்துக் கதவில் மூன்று பட்டை இழுத்தேன். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. அம்மா கோயிலுக்கென்று கட்டிவைத்திருந்த சாமந்தி மாலையைத் தாழ்ப்பாளில் மாட்டினேன். கதவு பார்க்க நன்றாகவே இருந்தது.

கிரிவலப் பாதையில் நூறு அடிக்கு ஒரு லிங்கமோ மண்டபமோ இருக்கும். நடக்கிறவர்கள் எதையும் விடமாட்டார்கள். காவி வேட்டிக்காரர் ஒருவர் முதலில் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் ஒரு கட்டி கற்பூரம் ஏற்றினார். ஒருவர் நின்றால் பின்னால் வருகிற பத்துப் பேரும் நிற்பார்கள். ஐந்து நிமிடத்தில் படியெல்லாம் கற்பூரம்.

"இன்னா சாமிங்க இது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பச்சையம்மன். ரொம்பப் பழைய சாமி. கதவப் பாத்தா தெரியல?" என்றார் பக்கத்தில் நின்ற, அதற்கு முன் எங்கள் ஊரையே பார்த்திராத ஒருவர்.

ஈரத் தலையோடு வெளியே வந்த சித்தி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள். ஐந்திலும் குங்குமம். நீங்கள் கும்பிடுவது கக்கூஸ் என்று அந்தக் கூட்டத்திடம் யார் சொல்ல முடியும்? சொன்னால் கதவோடு சேர்த்து எங்களையும் உடைத்திருப்பார்கள். எதிர்க்கடைப் பெரியப்பா வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்த ஒருத்தி சித்தியை ஓரமாக அழைத்தாள். "எங்கனா ஒதுங்க எடம் இருக்குதாம்மா? கோயில்லேந்து அடக்கிக்கினு வரேன்."

சித்தி கதவைப் பார்த்தாள், கற்பூரத்தைப் பார்த்தாள், கையை விரித்தாள். கேட்டவள் முகம் வாடிப்போய்ப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். அடுத்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்து கேட்டாள். அவளும் போனாள். இப்படி ஏழெட்டுப் பேர். வளையல் இரண்டும், மூன்று மாதச் சண்டையும் கண்ணெதிரே கற்பூரமாகக் கரைந்துகொண்டிருந்தன. சித்தியின் கண்ணில் நீர் கட்டியதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் வகுப்புப் பெண்கள் கடந்து போகும்வரை கதவு இப்படியே இருக்க வேண்டுமே என்றும் கவலையாக இருந்தது.

திடீரென்று சித்தி உள்ளே போய் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தாள். "வழி விடுங்க, வழி விடுங்க! அம்மன் மரத்தடிக்குப் போற நேரம்!" என்று கத்தினாள். மாலையைக் கழற்றி இரண்டு கையாலும் தட்டோடு ஏந்திக்கொண்டு, வேலியைத் தாண்டி இருபதடி தள்ளி நின்ற வேப்பமரத்துக்கு நடந்தாள். கூட்டம் கேள்வி கேட்காமல் பின்னாலேயே போயிற்று. மாலை மரத்தில் ஏறியது. திரும்பி வந்து ஈரத் துணியால் கதவைத் துடைத்தாள். "பலகை எங்க?" என்று என்னிடம் கேட்டது மட்டும்தான் அவள் அன்று என்னிடம் பேசியது. வைக்கோலைக் காட்டினேன்.

பொழுது சாய்வதற்குள் பச்சைக் கதவின் முன் பெண்கள் வரிசை டீக்கடை வரை நீண்டுவிட்டது. என் வகுப்புப் பெண்களும் வந்தார்கள். வந்தவர்கள் அம்மாக்களோடு அதே வரிசையில் நின்றார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட அவர்களுக்கு அவகாசம் இல்லை. பெரியப்பா கடையில் பால் தீர்ந்து இரண்டாவது முறை வாங்கிவர ஆள் ஓடினான்.

"பொம்பளைங்க இவ்ளோ டீ குடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதே!" என்றார் அவர்.

"குடிச்சிட்டு எங்க போறதுன்னுதான் இத்தினி நாளா குடிக்கல," என்றாள் சித்தி.

பெரியப்பா அதன்பிறகு சிரிக்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு எங்கள் பக்கத்தில் மூன்று கடை கூடுதலாக முளைத்தது. பூட்டிக் கிடந்த வீடுகள் ஒன்றிரண்டு திறந்தன. பெண்கள் நிற்கிற இடத்தில்தான் குடும்பம் நிற்கும், குடும்பம் நிற்கிற இடத்தில்தான் வியாபாரம் நிற்கும் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. வேப்பமரத்தடி அம்மனுக்கு இப்போது தகரக் கூரையும் உண்டியலும் இருக்கின்றன. ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

அந்த முதல் பௌர்ணமி மாலை எனக்கு அடி விழும் என்று தெரியும். சித்தி அடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அடித்தது அம்மா. யார் மேலும் கை ஓங்கி அறியாத அம்மா, நிலத்திலிருந்து திரும்பிய அப்பாவின் கண்ணெதிரே என்னை ஓங்கி அறைந்தாள். சாமி விஷயத்தில் விளையாடியதற்காகத்தான் அடி என்று நினைத்து, "சாமி கோச்சிக்காதும்மா, மாலைய மரத்துலதானே போட்டிருக்குது" என்று அழுதேன்.

"சாமிக்கு ஊரெல்லாம் எடம் இருக்குதுடி. எங்களுக்கு இது ஒண்ணுதான்," என்றாள் அம்மா.

சொல்லிவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு, இன்னும் வெளிச்சம் போகாத ரோட்டில், அப்பாவைத் தாண்டி நடந்து அந்த வரிசையில் போய் நின்றாள். அப்பா கால் கழுவப் போனார்.

அம்மாவும் சித்தி கட்சிக்குப் போய்விட்டாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். அவளும் தெருப் பெண்களும் விடிவதற்கு முன் ஒருமுறை, இருட்டிய பின் ஒருமுறை என்று காலமெல்லாம் வயிற்றை அடக்கி வாழ்ந்தவர்கள் என்பது எனக்குத் தெரியாது. 'எங்களுக்கு' என்று அவள் சொன்னதில் நான் இல்லை என்பது உறைத்தது. ஏன் இல்லை என்பது புரியவில்லை. எனக்குப் பத்து வயதுதான். பட்டப்பகலில் எந்த வேலி மறைவிலும் போய் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இன்னும் இரண்டு வருடம் அப்படி உட்காரலாம்.